வினோதினிக்குத் தெரியாத கீ

எனக்கு மவுஸ் பிடிக்காது. சொன்னால் சிரிப்பீர்கள். கீபோர்டில் இருக்கிற கையை எடுத்து, மவுஸைத் தேடி, அம்புக்குறியை நகர்த்தி, கிளிக் செய்து, மறுபடி கையைக் கொண்டுவந்து வைப்பது வெட்டி வேலை. உங்கள் ஸ்டேஷனில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, சார்.

மரக்காணம் உப்பளச் சங்க ஆபீஸில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பழசு. ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். செயலாளர் அரசப்பன் புதுசு வாங்கிவிடலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்று சொல்லி, இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டு, அதன் மேல் டைலிங் விண்டோ மேனேஜர் ஒன்றைப் போட்டேன். அதில் ஐகான் கிடையாது, ஸ்டார்ட் பட்டன் கிடையாது, பின்னால் சாமி படமும் கிடையாது. கறுப்புத் திரை மட்டும்தான். எதைத் திறந்தாலும் வரப்பு போட்ட பாத்தி மாதிரி திரை தானாகப் பிரிந்து இடம் கொடுக்கும். எல்லாமே கீயில்தான். எந்தக் கீ எதைத் திறக்கவேண்டும் என்பதை நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். ரொம்ப லேசான சிஸ்டம். அந்தக் கிழட்டு மெஷின் ஓட ஆரம்பித்தது.

அரசப்பன் முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, "ஏம்பா ராஜவேலு, கரண்ட் போயிட்ச்சா?" என்றார்.

"இல்லீங்க. இதான் சுத்தமான ஸ்கிரீன்."

"எல்லாம் எங்கடா போச்சு?"

"உள்ளதான் இருக்குதுங்க."

அவர் அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் தொடவில்லை. எது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுவார். டைப் அடிக்க வந்த வினோதினியும் அப்படித்தான். "அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிடும் என்று சொல்ல முடியாது. தொந்தரவுதான். ஆனால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக்கூட எழுந்து போவேன்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் உப்பளத்து ஒலிபெருக்கியும் ஓடியது. போன வருஷம் இடி விழுந்து இரண்டு மாடு செத்ததும், சங்கத்தில் பாத்திகளுக்கு நடுவே கம்பம் நட்டு மைக் செட் கட்டினார்கள். மின்னல் எச்சரிக்கை போனில் வந்தால், கம்ப்யூட்டரில் அந்த புரோகிராமைத் திறந்து பதிவு செய்த குரலை ஓடவிட வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று ஆட்கள் போனை எல்லாம் கொட்டகையிலேயே வைத்துவிடுவார்கள். அதனால் அந்தக் குரலை விட்டால் வேறு வழியில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். மறைக்கவில்லை.

வினோதினி கெட்டிக்காரப் பெண். நான் அடிக்கிறபோது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்து கற்றுக்கொண்டுவிட்டது. சித்திரை மாதம் ஒரு நாள் வானம் கறுத்தபோது நான் பேங்கில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் அதுவே ஒலிபெருக்கியைப் போட்டு, ஆட்களை எல்லாம் கொட்டகைக்கு வரவைத்திருந்தது. அரசப்பனுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே நீ தாராளமா லீவு எடுத்துக்கப்பா, வினோதினி பாத்துக்கும்" என்றார்.

அன்று சாயந்திரம் கீ அமைப்பைச் சீராக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் மாற்றினேன். புது அமைப்பு நிஜமாகவே சிறந்தது. விரல்கள் அவ்வளவு நீட்டி அடிக்க வேண்டியதில்லை.

வினோதினி மறுபடி கூப்பிட ஆரம்பித்தது. கேட்டபோதெல்லாம் போய் நானே திறந்து கொடுத்தேன். எப்படி என்று சொல்லவில்லை. உடம்பால் கொஞ்சம் திரைக்கு மறைவாக நின்றுகொள்வேன்.

வைகாசியில் கிளியனூரில் என் மாமா மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"அண்ணா, மின்னல் அலர்ட் வந்திருக்குது. மைக் செட்டு தொறக்கணும். எந்தக் கீண்ணா?"

"எந்தக் கீ எதுக்குன்னு கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன். படிச்சுப் பாரும்மா."

"அத்தத் தொறக்கவே கீ தெரியலியே!"

நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். அப்போது பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள்.

"யோசிச்சுப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கேட்டவுடன் சொல்லிக் கொடுத்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். இந்த மாதிரி சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இணையத்தில் பேசிக்கொள்வதைப் படித்துப் பாருங்கள், எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். போன் மறுபடி அதிர்ந்தது. சத்தம் வராமல் செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வினோதினி துப்பட்டாவைக் கையில் சுழற்றிக்கொண்டு, கத்திக்கொண்டே வரப்பில் ஓடியிருக்கிறது. நிறையப் பேர் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்துவிட்டார்கள். கொளஞ்சி என்கிற அம்மா மட்டும் கடைசிப் பாத்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார். காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் சத்தம் போய்ச் சேரவில்லை. வினோதினி அவரை நோக்கி ஓடியது. பாதி வழியில் இருந்தபோது இடி இறங்கியது. கொளஞ்சி அங்கேயே போய்விட்டார். தூக்கி எறியப்பட்ட வினோதினிக்கு ஒரு காது கேட்கவில்லை என்கிறார்கள்.

நான் வந்து பார்த்தபோது கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அரசப்பனிடம் அதைச் சொன்னேன். அவர் வெளியே போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு கொளஞ்சியின் புருஷன் இருசப்பன் ஆபீஸுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அந்த மைக்கு அன்னிக்கி ஏன் பேசல?"

சிஸ்டத்தைப் பற்றிப் பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டார்.

"எந்த பட்டனுப்பா அது?"

காட்டினேன். இரண்டு கீ, அவ்வளவுதான். அவர் குனிந்து விரலை வைத்து அழுத்தினார். 'வேலையை நிறுத்திட்டு எல்லாரும் கொட்டகைக்கு வாங்க' என்று வெளியே குரல் கேட்டது. நல்ல வெயில். பாத்தியில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, வாரியதை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். இருசப்பன் ஜன்னல் வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் கொட்டகைக்குள் வந்த பிறகும் நின்றார்.

வேண்டுமென்றுதானே மாற்றினாய் என்று கேட்கிறீர்கள். ஆமாம், சார். நான் இல்லாமல் வினோதினியால் அதைத் திறக்க முடியக் கூடாது என்றுதான் மாற்றினேன். ஆள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தும், முதல் தடவை போனை எடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.