லாச்சியில் இருந்த இரண்டு ஜெட்டுகள்

பெயர்: இராசையா பரமேஸ்வரன். வயது: 41. தொழில்: மோட்டார் சைக்கிள் திருத்துநர். விலாசம்: செவன் கிங்ஸ், என் கடைக்கு மேல்மாடி. வாக்குமூலம் எடுத்த இடம்: இல்ஃபோர்ட் பொலிஸ் நிலையம். நாள்: 1994 மார்ச் 9, புதன்கிழமை, காலை 10.40. மொழிபெயர்ப்பாளர்: கோபாலகிருஷ்ணன்.

நான் விரும்பாவிட்டால் பேசத் தேவையில்லை என்றும் பேசினால் அது சாட்சியாக எடுக்கப்படலாம் என்றும் சொல்லப்பட்டது. எனக்கு விளங்கியது. சொலிசிட்டர் வேண்டாம் என்றேன். மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர் என்றபடியால், ஆட்கள் கதைத்ததைத் தன் தமிழுக்கு மாற்றாமல் கதைத்தபடியே எழுத வேண்டும் என்று கேட்டேன். "ஆமா சார், அப்படியே எழுதறேன்" என்றார்.

தவமலர் என் ஒரே தங்கை. வயது 29. அவள் 1989இல் லண்டனுக்கு வந்து ஒரு வருடம் என் கடையில் எனக்கு உதவியாக வேலை செய்தாள். எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று அவளுக்குத் தெரியும். கார்பரேட்டரை மட்டும் நான் அவளைத் தொட விட்டதில்லை, அதில் கை வைத்தால் கத்துவேன். அதன் பின் 1990 ஆகஸ்டில் அவளுக்கும் பாலேந்திரா என்பவருக்கும் கிங்ஸ்பரியில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. பாலேந்திரா நோர்வேயின் வட கோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர்.

எங்களுக்குத் தம்பி இல்லாததால் நானே மாப்பிள்ளைத் தோழனாக நின்றேன். எங்கள் வழக்கத்தில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைக்க வேண்டும், மாப்பிள்ளை தோழனின் விரலில் மோதிரம் போட வேண்டும். நான் குனிந்து அவருடைய காலைக் கழுவினேன். அதன் பின் கையை நீட்டினேன். அவர் என் நகத்தைப் பார்த்தார். நகத்துக்குள் ஒயில் கறுப்பு இருந்தது, அது என்ன சவர்க்காரம் போட்டாலும் போகாது. "உந்தக் கையிலையோ போடுறது? கழுவிப்போட்டு நீரே போட்டுக்கொள்ளும்" என்று சொல்லி மோதிரத்தை என் உள்ளங்கையில் போட்டார். வீடியோக்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தவமலர் சிரிக்கவில்லை. அந்த வீடியோ இன்றும் எத்தனை வீட்டில் ஓடுகிறதோ தெரியாது. அந்த மோதிரத்தை நான் ஒரு நாளும் போடவில்லை. எனக்கு அது மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை, இதை அப்படியே எழுதச் சொன்னேன்.

1993 செப்டெம்பரில் தவமலர் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, எனக்கு இஞ்சை இருக்க ஏலாது. அடிக்கிறார். முன்பல்லு ஒண்டு விழுந்துபோச்சு. என்னை அங்கை கூப்பிடு" என்றாள். நான், "கட்டிக் குடுத்தாச்சு. இனி நல்லதோ கெட்டதோ அங்கைதான். இஞ்சை வந்து என்ரை மானத்தை வாங்காதை" என்றேன். அப்போது என் வீட்டில் ஒரு அறை வெறுமையாக இருந்ததா என்று அதிகாரி கேட்டார். ஓம், இருந்தது. பழைய ரயர்கள் அடுக்கியிருந்தேன்.

அதன் பின் நவம்பர் முதல் கிழமையில் பாலேந்திரா ரெலிபோன் எடுத்தார். அந்த ஊரில் பனி ஸ்கூட்டர் என்று ஒரு வண்டி ஓடுவார்கள். சக்கரம் இல்லை, பின்னால் ரப்பர் பட்டி, முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, எஞ்சின் மட்டும் எங்கள் சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சின் மாதிரி. "மச்சான், இஞ்சை எல்லாரும் பைப் மாத்தி ஓடுறாங்கள். என்ரை அரக்கி அரக்கிப் போகுது, வெள்ளைக்காரப் பெடியள் சிரிக்கிறாங்கள். உமக்குத் தெரிஞ்ச ஒரே வேலை உதுதானே, ஒண்டு பார்த்து அனுப்பும்" என்றார். தங்கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஓம், பார்த்து அனுப்புறன்" என்றேன். அப்போதே எனக்குள் எண்ணம் விழுந்துவிட்டது.

கனடாவில் பனி ஸ்கூட்டர்ச் சாமான் விற்கும் ஒரு கடையின் கற்றலொக்கை எடுப்பித்தேன். பைப் என்பது எஞ்சின் புகை வெளியேறும் குழாய், அவருடைய வண்டிக்கு மூன்று வகை இருந்தது. ஒன்று கொம்பனிப் பைப்பைவிடப் பாரம் குறைந்தது, வேறு பலன் இல்லை. மற்றது நடு வேகத்தில் இழுவை கூட்டுவது, ஆழப்பனியில் ஆளும் சாமானும் ஏற்றி ஓடுபவருக்கு அதுதான் சரி, கேட்டவர் வேறு ஆளாக இருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். மூன்றாவது முழு வேகத்தில் மட்டும் கத்திக்கொண்டு பறப்பது, எஞ்சினை ஆகக் கூடுதலாகச் சூடாக்குவது. மூன்றாவதை எடுத்தேன்.

பைப் டிசம்பர் 14ஆம் திகதி வந்தது. பெட்டிக்குள் பைப், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், புகை கசியாமல் இணைப்பில் வைக்கும் ஒரு கஸ்கெற், ஆங்கிலத்தில் ஒரு தாள், சின்னப் பொலித்தீன் பையில் இரண்டு ஜெட் இருந்தன. ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் பெற்றோல் வரும் துளை உள்ள பித்தளைத் துண்டு. இப்படியான பைப் பூட்டினால் எஞ்சின் கூடக் காற்று இழுக்கும், அதற்கு ஏற்பப் பெற்றோலும் கூட வர வேண்டும், ஆகவே பெரிய துளை ஜெட் போட வேண்டும். குளிர் கூடக் கூட இன்னும் பெரிது வேண்டும். போடாவிட்டால் எஞ்சின் நன்றாகத்தான் ஓடும், முதலில் விண் என்று ஓடும். நீண்ட தூரம் முழு வேகத்தில் விட்டால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டருக்குள் ஒட்டிப் பிடித்துவிடும். தாளில் இது பெரிய எழுத்தில் இருந்தது. நான் தாளையும் ஜெட் பையையும் எடுத்து என் மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சியில் போட்டேன். நேற்று அதிகாரிகள் எடுத்தது அதைத்தான்.

பாலேந்திராவுக்கு ஆங்கிலம் ஓடாது. நாங்கள் நோர்வேயில் உள்ள ஆட்களுக்குக் கடிதம் எழுதுவது குறைவு, கசெட்டில் கதைத்து அனுப்புவோம். ஆகவே ஒரு கசெட்டில் பூட்டும் முறையைச் சொன்னேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், முதலில் ஸ்பிரிங்கைக் கொக்கியால் இழுத்துக் கழற்ற வேண்டும், பழைய கஸ்கெற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும், புதுப் பைப்பைக் கையால் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பிரிங் கொழுவ வேண்டும், பைப் எங்கும் பிளாஸ்டிக்கில் முட்டக்கூடாது. இருபத்தைந்து நிமிடம் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகச் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஜெட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பெட்டியையும் கசெட்டையும் தபாலில் அனுப்பினேன்.

என்ன நடக்கும் என்று எண்ணினேன் என்று அதிகாரி கேட்டார். அவர் அந்தப் பெடியளுக்கு முன்னால் பறந்து காட்டப் போய், வண்டி இறுகி நின்று, பனிக்குள் நடந்து வர வேண்டும் என்று எண்ணினேன். காலை இழுத்து இழுத்து வரட்டும், நான் கழுவிய கால்தானே. சாக வேண்டும் என்று எண்ணினீரா என்று கேட்டார். எண்ணவில்லை. சாகக்கூடாது என்றும் எண்ணவில்லை.

அதன் பின் நடந்தது, எஞ்சினைப் பிரித்துப் பழைய ஜெட்டே உள்ளே இருக்கக் கண்ட நோர்வே பொலிஸார் இங்கே அறிவித்ததிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பாலேந்திரா பைப்பைப் பூட்டவில்லை. அவர் பெட்டியையும் கசெட்டையும் தவமலரிடம் கொடுத்து, "உன்ரை அண்ணன்ரை வேலைதானே, நீயே செய்" என்றிருக்கிறார். அவள் கொட்டிலுக்குள் ரேப் ரெக்கோடரைக் கொண்டுபோய், என் குரலை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நான் சொன்ன ஒழுங்கில் பூட்டியிருக்கிறாள். அவர் அதில் நீண்ட தூரம் ஓடிப் பார்க்க முதலே, பெப்ரவரி 19ஆம் திகதி, சனிக்கிழமை, அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, பாஸ்போட்டையும் ஒரு உடுப்புப் பையையும் கட்டிக்கொண்டு, பஸ் வரும் பட்டணத்துக்குப் போக அந்த ஸ்கூட்டரில் வெளிக்கிட்டிருக்கிறாள். பட்டணம் அறுபது கிலோமீற்றர். வழியில் வீடு இல்லை. குளிர் சைபருக்குக் கீழே முப்பத்தொன்று. முப்பத்தெட்டாவது கிலோமீற்றரில் எஞ்சின் இறுகியது.

அவளை ஐந்து மணித்தியாலம் கழித்துக் கலைமான் மேய்க்கும் ஒருவர் கண்டார். அவள் உடனே நடக்கத் தொடங்கவில்லை. பைப் கழற்றப்பட்டு, ஸ்பிரிங்குகள் பனியில் துணி விரித்து நான் சொன்ன ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தன. கஸ்கெற் சுரண்டிப் பார்க்கப்பட்டிருந்தது. கையுறை பக்கத்தில் கிடந்தது. தான்தான் பிழையாகப் பூட்டிவிட்டேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து செய்திருக்கிறாள். குளிரில் விறைத்துப்போன இரண்டு பாதமும், வலக்கையில் மூன்று விரலும் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பெப்ரவரி கடைசியில் ஊர் ஆட்கள் மூலம் இதை முதலில் கேட்டவுடன் நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். அந்த மூதேவியை யார் பூட்டச் சொன்னது என்றுதான் முதலில் வாயில் வந்தது, அதையும் எழுதச் சொன்னேன்.

வாசித்துக் காட்டிய பின் நானாகச் சேர்க்கச் சொன்னது: கடந்த ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 6, தவமலர் ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு ரெலிபோன் எடுத்தாள். நேர்ஸ் ஒருத்தி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னாள். "அண்ணை, நீ சொன்ன மாதிரியேதான் செய்தனான். எந்த இடத்திலை பிழை விட்டனான்?" என்று கேட்டாள். லாச்சி என் முழங்காலுக்கு நேரே இருந்தது. நான், "ஸ்பிரிங்கை வடிவாக் கொழுவேல்லை நீ" என்றேன். அவள், "ஓம் அண்ணை, எனக்கும் அதிலைதான் சந்தேகம். உன்ரை சாமானைப் பழுதாக்கிப்போட்டன், கோவிக்காதை" என்றாள். நான், "சரி, விடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையை அவளுக்கு நீங்களே சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை, நீங்களே சொல்லுங்கோ என்றேன்.

இந்த ஐந்து பக்கமும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. ஒருவரும் என்னை வெருட்டவில்லை, ஒன்றும் தருவதாகச் சொல்லவும் இல்லை. சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டேன், வெட்ட ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) இ. பரமேஸ்வரன்
பகல் 1.15