சாக்கு ஓட்டையில் ஒரு கண்

குளிர்காலத்தில் அச்சு மை சொன்னபடி கேட்காது. ஹீட்டர் மேல் டப்பாவை வைத்து இளக்கிய பிறகுதான் உருளையில் ஏறும். மொன்றியலில், வில்லரேயில் எங்கள் மரக்கட்டை அச்சுப் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். நீங்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பிள்ளை. டெனிஸ்டன் இருந்த இடம் அதிகாரிகளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவனுடைய வழக்கறிஞர் நீங்கள் கேட்பது நியாயந்தான்.

டெனிஸ்டன் பருத்தித்துறைக்காரன். காணாமல் போனவர்களுக்காக அங்கே கேலிச் சுவரொட்டிகள் அச்சடித்து, இருக்க முடியாமல் இங்கே வந்தவன். அகதி மனு தள்ளுபடியாகி நாடு கடத்தும் உத்தரவு வந்ததும், லாசாலில் என் மைத்துனர் வீட்டு நிலவறையை அவனுக்கு ஒழுங்கு செய்து கொடுத்ததே நான்தான். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்போது அவன் ஆளில்லாத நேரமாக எங்கள் பட்டறைக்கு வந்து 1838ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் செதுக்கிக்கொண்டிருந்தான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இந்தப் பக்கத்துப் பிரெஞ்சு விவசாயிகள் எழுந்த கதை. கலைக்கூடம் நடத்தும் எலிசா வசந்தத்தில் கண்காட்சி வைப்பதாக இருந்தாள். நக்கலில் அவனை அடிக்க ஆளில்லை. ஒரு படத்தில் தூக்குக் கைதியின் கழுத்தை நீதிபதி தையற்கார நாடாவால் அளக்கிறார், முகத்தில் அத்தனை கனிவு. செதுக்கும்போது டெனிஸ்டன் வலது கண்ணைச் சுருக்கிக்கொள்வான். தராசு முள்ளைப் பார்க்கும் மீன்காரன் மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்வேன்.

கடைசிக் கட்டையை மட்டும் துணியால் மூடி வைத்திருந்தான். அவன் கோப்பி வாங்க முனையிலுள்ள டெப்பனர் கடைக்குப் போன நேரம் விலக்கிப் பார்த்தேன். ஆளுநர் அவித்த முட்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் ஊர் இளைஞர்கள் வரிசையாக நடக்கிறார்கள். பக்கத்தில் ஒருவன், தலையில் சாக்கு, பார்க்க இரண்டு ஓட்டை. அப்படி ஒருவன் இந்த ஊர்ச் சரித்திரத்தில் இல்லை. எங்கள் சனத்துக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், அவன் தலையாட்டி. ராணுவத்துக்கு ஆள் காட்டுகிறவன். கட்டையில் அவனுடைய இடது கண் பாதி மூடியிருந்தது.

என் முகத்தைப் பாருங்கள். இடது இமை பிறந்ததிலிருந்தே இப்படித்தான்.

தொண்ணூற்றாறில் ஊரில் வைத்து ராணுவம் என்னைப் பிடித்து, அடித்து, சாக்கைப் போட்டு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தியது. யாருக்குமே தலையாட்டாவிட்டால் என்னை விடமாட்டார்கள். அதனால் எனக்குத் தெரியாத பையன்களாகப் பார்த்து ஆட்டினேன். தெரிந்தவர்களைக் காட்டிக்கொடுப்பது முறையில்லையே. டெனிஸ்டனின் அண்ணனும் அந்த வருடந்தான் காணாமல் போனான். எந்த மைதானம் என்று நான் கேட்டதில்லை.

திரும்பி வந்தவன் துணி விலகியிருந்ததைக் கண்டான்.

"பாத்திட்டீங்களோ அண்ணை?"

"ஓம். ஆர் இது?"

"அச்சில பாத்தால் உங்களுக்கே விளங்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் துணியை இழுத்துக் கட்டையை மூடினேன். கண்காட்சிக்கு மொன்றியல் தமிழரில் பாதிப்பேர் வருவார்கள். என் மனைவி வருவாள், மகள்மார் வருவார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த கிழமை இரண்டு குடிவரவு அதிகாரிகள் பட்டறைக்கு வந்தார்கள். மரியாதையானவர்கள், சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். டெனிஸ்டனுக்குப் பழக்கமானவர்களின் வீட்டு முகவரிகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். வில்லரேயில் ஒன்று, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒன்று, பிறகு லாசால். மறுநாள் காலை அவனைக் கொண்டுபோனார்கள். நீங்கள் ஓடித் திரிந்தும் விமானத்தை நிறுத்த முடியவில்லை.

அதன்பிறகு எலிசா வந்து, கடைசிக் கட்டையை என்னையே அச்சடித்துத் தரச் சொன்னாள். மை பூசி, தாளை வைத்து, உருட்டி, உரித்தேன். பாதி மூடியிருந்தது வலது கண். கட்டையில் இடது என்றால் தாளில் வலது. இருபது வருடமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்குப் பயத்தில் மறந்துபோயிருந்தது.

"கண்ணாடியில் தன்னைப் பார்த்துத்தான் செதுக்கினான்" என்று எலிசா பிரெஞ்சில் சொன்னாள். "அந்தச் சாக்குக்குள் இருந்தவனைக் கேலி செய்ய அவனுக்கு மனம் வரவில்லையாம். அடி தாங்காமல் தானும் ஆட்டியிருப்பானாம்."

அவனுடைய மனைவி நிரோஜா பருத்தித்துறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். "விமான நிலையத்தில இருந்து இவரை ஆரோ கூட்டிக்கொண்டு போனவையாம் அண்ணை. எங்க எண்டு ஒருத்தரும் சொல்லுகினம் இல்லை. அங்க எங்களுக்கு நீங்கள் ஒராள்தானே." நான் என்ன செய்ய முடியும்? அவளோடு சேர்ந்து அழுகிறேன். நடிப்பில்லை, உண்மையாகவே அழுகை வருகிறது.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் காட்டிக்கொடுத்தவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பிள்ளை. லாசால் முகவரியை அவர்கள் வாசித்தபோது நான் வாயே திறக்கவில்லை. தலையை மட்டுந்தான் ஆட்டினேன்.