கை தலைக்குப் போகும்வரை

இரவு ஒன்றே கால். விஸ்கான்சினின் வடகோடி. ஹெரன் ஏரிக்கு வரும் அந்தப் பதினெட்டு மைல் சாலை... இன்று மதியம் வேனில் வாயைப் பிளந்து தூங்கியபடி வந்தீர்களே, அதே சாலைதான். இரண்டு பக்கமும் பைன் மரம். வீடு கிடையாது. விளக்கு கிடையாது. போனில் சிக்னலும் கிடையாது.

ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டி வருகிறாள். பின் இருக்கையை மடக்கி, தன்னுடைய டபுள் பாஸைப் படுக்க வைத்திருக்கிறாள். ஆளுயர வாத்தியம். அதன் கழுத்து அவள் தோள் வரை நீட்டிக்கொண்டிருக்கிறது. ரேடியோ போடவில்லை. கண்ணாடியையும் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

அப்போது... பாஸின் தடித்த தந்தி தானாக அதிர்கிறது. ம்ம்ம்ம்...

நீங்கள் எல்லாம் வாத்தியக்காரர்கள். உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் யாராவது அதே சுரத்தை வாசித்தால், தொடாத தந்தியும் கூடவே முனகும். அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தக் காட்டில், அந்த நேரத்தில், பக்கத்தில் வாசித்தது யார் என்பதுதான் கேள்வி.

டெஷான், மெழுகுவர்த்தியை நடுவில் வை. இடி நிற்கும்வரை கரண்ட் வராது. கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே தள்ளி வாருங்கள். சொல்கிறேன்.

அவள் பெயர் ஜாஸ்லின். என் சிநேகிதி டெனீஸின் தங்கை. இதை எனக்குச் சொன்னது டெனீஸ். அவள் வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கும் கற்பனைக்கும் ஏழாம் பொருத்தம்.

அந்தக் கார் வருவதற்கு மூன்று வருடம் முன்பு ஜாஸ்லினும் இங்கே வந்தாள். உங்களைப் போலவே, இதே ஃபெல்லோஷிப் முகாமுக்கு. ஆறு பேர், பத்து நாள், ஒரு வழிகாட்டி. கடைசி நாள் அவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தன் குழுவோடு நியூயார்க்குக்குக் கூட்டிப்போவார். மற்ற ஐந்து பேருக்கும் ஒரு டி-ஷர்ட். ஜாஸ்லினுக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா மில்வாக்கியில் டவுன் பஸ் ஓட்டுகிறவள், இரண்டு முட்டியும் போய்விட்டது. கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்: "கிடைச்சா போ. கிடைக்கலன்னா செப்டம்பர்லேர்ந்து மருந்துக்கடையில பில் போடுற வேலை. பாஸை வித்துடலாம்."

வழிகாட்டி வெண்டல் க்ரவுஸ். சாக்ஸஃபோன். வாசித்தால் கல்லும் கரையும். வாயைத் திறந்தால் பாலும் திரியும். புல்வெளிக்கு அந்தப் பக்கம் மேடை இருக்கிறதே, அந்தக் கொட்டகைக்கு அந்த ஆள் இரண்டு சட்டம் வைத்திருந்தான். நாளையிலிருந்து நீங்களும் அதைத்தான் பின்பற்றப் போகிறீர்கள், யார் வைத்தது என்று தெரியாமல்.

முதல் சட்டம். அன்றைய தலைவர் கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்தால்தான் பாட்டு முடிவுக்குத் திரும்பும். அதுவரை வாசிக்கிறவன் நிறுத்தக் கூடாது. இரண்டாவது சட்டம். மேடையில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கு ஒரு முறை தனியாக வாசித்த பிறகுதான் தலைவர் கை தலைக்குப் போகலாம்.

அந்த ஆறு பேரில் ஒருவன் ஆர்லோ. ட்ரம்பெட். பதினேழு வயது, நெப்ராஸ்காவில் சோளப் பண்ணை. முகாமுக்குச் சர்ச்சுக்குப் போகிற ஷூ போட்டுக்கொண்டு வந்தவன். தன்னைவிட இரண்டே வயது மூத்த ஜாஸ்லினை "மேடம்" என்று கூப்பிடுவான். ட்ரம்பெட் ஊத ஊத உள்ளே நீர் கட்டும் இல்லையா... எல்லோரும் நீர் வடிக்கும் சாவியை அழுத்திக் கண்ட இடத்தில் வடித்துவிட்டுப் போவார்கள். இவன் எப்போதும் தன் இடது ஷூவுக்கு முன்னால், ஒரே இடத்தில் சொட்டவிடுவான். பிறகு குனிந்து கைக்குட்டையால் துடைப்பான்.

"கூரைதான் ஒழுகுதோன்னு நினைச்சேன்டா சோளக்கொல்லை" என்பான் வெண்டல். எல்லோரும் சிரிப்பார்கள். ஆர்லோவும் சேர்ந்து சிரிப்பான்.

இரண்டாம் நாள் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்துமா. நடுவில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தான். வெண்டல் மொத்தக் குழுவையும் நிறுத்தினான். "என் கை தலைக்குப் போச்சா? போகல இல்ல? இன்னொரு தடவை நீயா நிறுத்தினே, பெட்டியைக் கட்டு. காலைல ஆறு மணிக்கு பஸ்."

"சரிங்க சார்" என்றான் ஆர்லோ.

ஆனால் ஊதினான் பாருங்கள்... டெனீஸிடம் ஜாஸ்லின் சொன்ன வார்த்தை இது: "அவன் வாசிச்சா எனக்கு வயிறு எரியும்டி. அவ்ளோ நல்லா இருக்கும்." பொறாமைதான். அவளே ஒப்புக்கொண்டாள்.

எட்டாம் நாள் ராத்திரி. வெண்டல் அவளைத் தலைவராகப் போட்டான். மேடை ஏறும் முன் அவள் காதில் சொன்னான்: "அவன் உன்னைவிட நல்லா வாசிக்கிறான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னைக்குக் கை உன் கை. என்ன பண்ணப் போறே?"

அவள் வேகமான ஒரு ப்ளூஸ் பாட்டைச் சொன்னாள். கால் தாளம் போட முடியாத வேகம். பியானோ, ட்ரம்ஸ், மற்றவர்கள், எல்லோருக்கும் முறை வந்தது, போனது. ஆர்லோவின் முறை வந்தது. அவனுக்குப் பிறகு அவள் ஒருத்திதான் பாக்கி. ஆர்லோ கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடித்தான் ஊதுவான், கழுதை.

பத்துச் சுற்று... இருபது. அவள் பியானோக்காரனுக்குக் கண் காட்டினாள். அவன் கையை எடுத்தான். பிறகு ட்ரம்ஸ் நின்றது. இது வழக்கத்தில் உள்ளதுதான். நன்றாக வாசிக்கிறவனை வெறும் பாஸோடு விடுவது மரியாதை. ஆர்லோவும் மரியாதை என்றே நினைத்தான். ஊதிக்கொண்டே சிரித்தானாம்.

பிறகு ஜாஸ்லின் பாஸை மேடையில் சாய்த்துப் படுக்கவைத்தாள். சத்தமே இல்லாமல். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் வெளியே போனாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மிச்சம் இருந்த ஸாஸேஜ், ரூட் பியர். புல்வெளிக்கு அந்தப் பக்கம் ட்ரம்பெட் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம். முக்கால் மணி. ட்ரம்ஸ் வாசிப்பவன்தான் முதலில் நெளிந்தான். "போதும் ஜாஸ். போய்க் கையை வச்சுட்டு வா."

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் எப்படிப்பா வைக்கிறது? எல்லாரும் ஒரு முறை வாசிக்கணும் இல்ல? என் முறை இன்னும் வரலையே."

மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வெண்டலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இவதான் என் ஆளு" என்றான்.

அவ்வளவுதான். அவளுக்கு நியூயார்க் கிடைத்துவிட்டது.

என்ன டெஷான்?

"அவன் ஏன் நிறுத்தல? கண்ணைத் தொறந்து பார்த்தா யாருமே இல்லன்னு தெரியும்ல?"

தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் ஊதினான். கதவுக்கு வெளியே நின்று சோதிக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். நாளை ராத்திரி நீ மேடையில் இருக்கும்போது இதே மாதிரி நடந்தால், நீ நிறுத்துவாயா? ஆறு மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு பதில் சொல். ...ம். அதுதான்.

ஜாஸ்லின் போய்ப் படுத்தாள். சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. சுரத்துக்கு நடுவில் விசில் மாதிரி ஒரு மூச்சு. இன்னும் ஒரு சுற்று, பிறகு எழுந்து போகலாம் என்று நினைத்துக்கொண்டாளாம். அடுத்த சுற்றிலும் அதையே நினைத்தாளாம். பிறகு நின்றது. அப்பாடா என்று திரும்பிப் படுத்தாள். கடிகாரத்தில் ஒன்றே கால்.

காலையில் சமையல்காரர்தான் பார்த்தார். மேடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி. உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. வலது கை விரல்கள் ட்ரம்பெட்டை விடவே இல்லை. இன்ஹேலர் சட்டைப் பையில். கைக்கும் பைக்கும் ஒரு சாண் தூரம். இடது ஷூவுக்கு முன்னால் சின்னக் குட்டை. அதை மட்டும் அவன் துடைக்கவில்லை.

அவன் அப்பா நெப்ராஸ்காவிலிருந்து ராத்திரி பகலாகப் பிக்கப் வண்டி ஓட்டி வந்தார். பையனுக்கு இருந்த வியாதி என்று அவருக்குச் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் கை கொடுத்தார். ஜாஸ்லின் கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் கடைசி வரைக்கும் அவன்கூட வாசிச்சீங்கன்னு சொன்னாங்க. தனியா விடலையே, அது போதும்மா."

"பரவால்ல சார்" என்றாள் அவள்.

வெண்டலுக்கு என்ன ஆச்சு என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. ஃப்ளோரிடாவில் மீன் பிடிக்கிறான். நன்றாகத் தூங்குகிறானாம்.

இப்போது காருக்கு வருவோம். மூன்று வருடம் கழித்து, ஜாஸ்லின் பெயர் வாங்கிவிட்டாள். இந்த முகாமுக்கே வழிகாட்டியாகக் கூப்பிட்டார்கள். வராமல் இருந்திருக்கலாம். வந்தாள். தந்தி முனகியதும் காரை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். தவளைச் சத்தம்கூட இல்லை. ஏரிப் பக்கமிருந்து... மெல்லிசாக... அதே ப்ளூஸ். அதே வேகம். விட்ட சுற்றிலிருந்து.

திரும்பிப் போயிருக்கலாம் அல்லவா? ஆனால் அவளுக்கு ஒரு எண்ணம். மூன்று வருடமாக அதே எண்ணம். போய்க் கையைத் தலையில் வைத்துவிட்டால் முடிந்துவிடும்.

கொட்டகைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நனைந்த வைக்கோல் வாடை, வால்வு எண்ணெய் வாடை... அதற்கு அடியில் இரத்த வாடை. நாற்காலியில் அவன். சர்ச் ஷூ. கண் மூடியிருந்தது. கிழிந்த உதட்டை வைத்துத்தான் ஊதினான்.

அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். அந்தச் சுற்றை ஒழுங்காக முடித்தான். ட்ரம்பெட்டை இறக்கினான். சாவியை அழுத்தினான்.

சொட்... சொட்...

பிறகு மேடையின் மறுபக்கத்தைக் காட்டினான். அங்கே பாஸ் சாய்ந்து படுத்திருந்தது. அவள் மூன்று வருடம் முன்பு வைத்த அதே இடத்தில். காரில் பூட்டிவைத்துவிட்டு வந்த அவளுடைய பாஸ்.

"உங்க முறை இன்னும் வரலையே, மேடம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டான்.

காலையில் அதே சமையல்காரர்தான் பார்த்தார். அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தந்தியில் தோல் ஒட்டியிருந்தது. அவளைப் பிரித்தெடுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். முதல் வாரம் விட்டு விட்டு இவ்வளவையும் அக்காவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இப்போது மில்வாக்கியில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். பாஸை எடுத்துவிட்டார்கள். விரல் போர்வையில் ஓடுகிறது. கட்டுப் போட்டார்கள், கட்டுக்குள் ஓடுகிறது. ஊசி போட்டுத் தூங்கவைத்தாலும் ஓடுகிறது. அந்த ப்ளூஸ்தான், அதே வேகம். டெனீஸ் ஞாயிறுதோறும் போகிறாள். தங்கை முன்னால் நின்று கையைத் தலையில் வைக்கிறாள். "போதும்டி, முடிஞ்சிருச்சு, நிறுத்துடி" என்று அழுகிறாள். ஜாஸ்லின் அவளைப் பார்ப்பதே இல்லை. டெனீஸைத் தாண்டி, ஜன்னலோரம் கிடக்கும் காலி நாற்காலியைப் பார்க்கிறாள். அங்கே இருக்கும் யாருடைய கையோ எப்போது தலைக்குப் போகும் என்று காத்திருக்கிறவள் மாதிரி.

போன மாதம் நானும் கூடப் போனேன். நர்ஸ் ஒருத்தி மாப்போடு வந்து எங்களைத் திட்டினாள். "அந்த நாற்காலிக்குக் கீழ தினமும் யாருங்க தண்ணி ஊத்துறது? குழாயும் இல்ல, கூரையும் ஒழுகல. இடது பக்கம் மட்டும் நிக்குது. துடைச்சுட்டுத் திரும்புறேன், மறுபடியும் நிக்குது."

நான் குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் குட்டை. விரலால் தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.