கேட்டுக்கு நேரா ஒரு பாத்தி

— பேப்பரைத் திருப்பிப் பிடிடா. இந்த நாலாவது கட்டம் எங்க வருது?

— அதுவும் பாத்திதாம்மா. மத்த மூணு மாதிரியே. எட்டடி நீளம், நாலடி அகலம். ரெண்டு பக்கத்துலேருந்தும் கை எட்டும்.

— அளவை நான் கேக்கல. எங்க வருதுன்னு கேட்டேன்.

— முன்னாடி. அங்கதான் காலை வெயில் நல்லா விழுது. தக்காளிக்கு வெயில் வேணும்மா. நான் ஜன்னல்ல நின்னு பாத்துப் பாத்துக் குறிச்சு வச்சிருக்கேன்.

— கேட்டுக்கு நேரா.

— கேட்டுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி.

— அத்தை, டீ ஆறுது. ரெண்டு பேரும் குடிச்சுட்டுப் பேசுங்க.

— வை கண்ணு. உன் புருஷன் போட்ட படத்துக்கு அர்த்தம் கேட்டுக்கிட்டிருக்கேன். மருந்துக்கடையில மாத்திரை எண்ணற மாதிரி ஒவ்வொரு செடிக்கும் புள்ளி வச்சிருக்கான்.

— சாப்பிடும்போதும் இதே பேச்சுதான் அத்தை. நேத்து தூக்கத்துல பீன்ஸ் பீன்ஸுன்னாரு.

— ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம். நான் முதல்லேருந்து சொல்லிடறேன். இதுக்கு மேட்டுப்பாத்தின்னு பேரு. தரையைத் தோண்டவே வேணாம். பலகையில பெட்டி மாதிரி அடிச்சு இடுப்பு உயரத்துக்கு நிறுத்தறோம். அடியில அட்டை விரிச்சுட்டா புல்லு மேல வராது. அட்டை மேல குச்சி, சருகு. அதுக்கு மேல மண்ணும் எருவும். தரை மண்ணை விட இந்த மண்ணு சீக்கிரம் சூடேறும். குளிர் விட்டதும் முதல் ஆளா நாம நடலாம். நீ குனியவே வேணாம்மா. நின்னுக்கிட்டே களை எடுக்கலாம்.

— களை எடுக்கறேன்னு நான் எப்படா சொன்னேன்?

— நீ சொல்லல. நான்தான் யோசிச்சேன். ரிட்டையர் ஆகி வீட்ல உக்காந்தா உடம்பு கெட்டுப்போகும். நாலு செடி இருந்தா மனசு அதுல போகும்.

— என் மனசு எங்க போகணும்னு அதுக்கே தெரியும், நீ வழி சொல்ல வேணாம். சரி, நட்டாச்சுன்னே வச்சுக்குவோம். தண்ணி?

— தெனம் காலையில ஒரு தடவை. வெயில் ஏறிட்டா சாயங்காலமும் ஊத்தணும். பெட்டி மண்ணு சீக்கிரம் காஞ்சிடும், அதை மட்டும் பாத்துக்கணும்.

— யாரு பாத்துக்கணும்?

— நீதாம்மா. வேற யாரு வீட்ல இருக்கா?

— ஒரு நாள் விட்டுட்டா?

— வாடிடும்.

— ஒரு வாரம் விட்டா?

— அம்மா, செத்துடும்மா. எதுக்கு ஒரு வாரம் விடணும்?

— சும்மா கேட்டேன். விதைக்கடையில டைமர் வச்ச சொட்டுக் குழாய்னு ஒண்ணு தொங்குது, பாத்திருக்கியா? நேரத்தைத் திருகி வச்சுட்டா அதுவா ஊத்துமாம், அதுவா நிக்குமாம்.

— அதை நம்ப முடியாது. கையால ஊத்தறதுதான் செடிக்கு நல்லது.

— நானும் கேட்டேன் அத்தை, அந்தக் குழாய் போட்டா என்னன்னு. வேணாம்னுட்டாரு.

— நீ கொஞ்சம் சும்மா இரேன்.

— அவளை ஏண்டா அடக்கறே. ஆக, நாலு பெட்டி. தெனம் ரெண்டு வேளை தண்ணி. குழாய் வச்சா நான் எங்கயாவது போயிடுவேன், அதனால குழாய் வேணாம். நாலாவது பெட்டி கேட்டுக்கு நேரா. இப்ப சொல்லு. என் வேன் எப்படி வெளிய போகும்?

— அம்மா...

— அம்மா இங்கதான் இருக்கேன். வேன் எப்படிப் போகும்னு கேட்டேன். இப்பவே ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, பின்னால வந்து, மறுபடி ஒடிச்சாத்தான் கேட்டைத் தாண்டும். பாத்தி வந்துட்டா சைக்கிள்கூட ஒருக்களிச்சுத்தான் போகணும். குழாயடி போட்டிருக்கே, துணி காயப்போடற கம்பி போட்டிருக்கே, மூலையில கெடக்கற உடைஞ்ச வாளியைக் கூட வட்டம் போட்டுக் காட்டியிருக்கே. அவ்வளவு பெரிய வேனைக் காணோமே.

— வித்துடலாம்னு இருக்கோம்.

— என்னைச் சேக்காதீங்க. நான் அப்படிச் சொல்லல.

— சரி, இருக்கேன். வித்துடலாம்னு நான் இருக்கேன்.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். பாத்தியில மறைக்கறவனை இப்பத்தான் பாக்கறேன். ஒரு வார்த்தை, அம்மா நீ போகாதேன்னு நேரா சொல்லியிருக்கலாம்ல? அதை விட்டுட்டுத் தக்காளிக்கு வெயில் வேணும், கத்திரிக்குக் காத்து வேணும்னுட்டு.

— நேரா சொன்னா நீ கேப்பியா?

— கேக்க மாட்டேன். ஆனா மரியாதையா இருந்திருக்கும்.

— அது ஓடற வண்டியே இல்லம்மா. ஒரு ஓரமாத் துருப்பிடிச்சுக் கெடக்குது. போன வாரம் ஒருத்தர் கேட்டாரு, பழசுக்கு எடுத்துக்கறேன்னு.

— துருப்பிடிச்சு எப்பக் கெடந்தது? நீ காலையில மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கப் போனா விளக்கு வச்சப்புறம்தான் வீடு திரும்பறே. நடுவுல இங்க என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? இன்ஜினை இறக்கி ஏத்தியாச்சு. டயர் நாலும் புதுசு. பின் சீட்டைக் கழட்டிட்டுப் பலகை போட்டுப் படுக்கை அடிச்சிருக்கேன். அடுப்புக்கு ஒரு மூலை, தண்ணி கேனுக்கு ஒரு மூலை. நீ அந்தப் பக்கமாத்தான் தெனம் செருப்பைக் கழட்டறே. ஒரு நாள் கதவைத் திறந்து பாத்திருப்பியா?

— உனக்குத் தெரியுமா இது?

— தெரியும். திரை தச்சுக் குடுத்தது நான்தான்.

— ஆக ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க. நான் ஒருத்தன்தான் இந்த வீட்ல முட்டாள்.

— முட்டாள் இல்லடா, வேலை ஜாஸ்தி உனக்கு. உக்காரு. டீயைக் குடி.

— டீ கெடக்கட்டும். எதுக்கும்மா? ஊரைச் சுத்தினது போதாதா உனக்கு? சர்வீஸ் முழுக்க ரோட்லதானே இருந்தே?

— ரோட்ல இருந்தேன், ஆனா ஊரை எங்கடா சுத்தினேன்? ஒரே ரூட்டு. போனா கடைசி ஸ்டாப், வந்தா இந்த ஸ்டாப். கடைசி ஸ்டாப்புல ஒரு ரவுண்டானா இருக்கு. அதைச் சுத்தி வண்டியைத் திருப்பணும். திருப்பறப்ப எதிர்ல ஒரு போர்டு தெரியும். நாலு ஊர் பேரு, அம்புக்குறி போட்டிருக்கும். அம்புக்குறி அந்தப் பக்கம் காட்டும், நான் இந்தப் பக்கம் திருப்புவேன். வேலைக்குச் சேந்த நாள்லேருந்து மாலை போட்டு அனுப்பின நாள் வரைக்கும். ஜனங்க இறங்கி அந்தப் பக்கம் போற வண்டியில ஏறிப் போவாங்க. என்ன இருக்கும் அங்கன்னு நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்ல. கடைசி பேருக்குப் பக்கத்துல கடல் படம் வரைஞ்சிருக்கும், மூணு அலை.

— நாலுலயும் கடல் இருக்கா அத்தை?

— கடைசில மட்டும்தான் கண்ணு. மத்ததுல மலை ஒண்ணு, கோட்டை ஒண்ணு. இன்னொண்ணுல ஒண்ணுமே போடல. எனக்கென்னமோ அந்த ஒண்ணுமே இல்லாத ஊரைத்தான் முதல்ல பாக்கணும்னு இருக்கு.

— நீ வேற ஏன் கதை கேக்கறே? அம்மா, அதுக்கு ஒரு டூர் பஸ்ஸைப் பிடிச்சு நாலு நாள் போய்ட்டு வா. நானே டிக்கெட் எடுக்கறேன்.

— இன்னொருத்தன் ஓட்டற வண்டியில, இன்னொருத்தன் நிறுத்தற எடத்துல இறங்கி, அவன் ஹாரன் அடிச்சா ஏறிக்கணும். அந்த ஹாரனை நான் எத்தனை பேருக்கு அடிச்சிருப்பேன். வேணாண்டா சாமி.

— வயசைப் பாரும்மா. நாலு பேரு என்ன சொல்லுவாங்க? புள்ளையும் மருமகளும் துரத்தி விட்டுட்டாங்க, வேன்ல குடித்தனம் பண்றான்னு பேச மாட்டாங்களா?

— நான் முதல் நாள் பஸ் ஸ்டியரிங்கைப் பிடிச்சப்பவும் அந்த நாலு பேரு இருந்தாங்க. பொம்பளை ஓட்டற வண்டின்னு ஏறாம அடுத்த பஸ்ஸுக்கு நின்னாங்க. மழை பெய்ய ஆரம்பிச்சதும் ஏறிக்கிட்டாங்க. அவங்க கிடக்கறாங்க.

— எனக்கு அவங்களைப் பத்திக் கூடக் கவலை இல்ல.

— பின்ன?

— உனக்குச் சொன்னாப் புரியாது.

— சொல்லுங்களேன். அத்தைகிட்டதானே சொல்றீங்க, வேத்து ஆளா?

— நான் பக்கத்து வீட்லதாம்மா வளந்தேன். உனக்கு லேட் ஷிப்டு. அந்த வீட்டு ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு ஹெட்லைட்டா எண்ணுவேன். இது அம்மா, இது இல்ல, இது அம்மா, இது இல்ல. அப்பா போன மாதிரி நீயும் ஒரு நாள் வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு. இப்பத்தான், நீ வேலையை விட்டப்புறம்தான், கடையிலேருந்து வரும்போது வீட்ல லைட் எரியுது, அம்மா உள்ள இருக்கான்னு நெஞ்சு கொஞ்சம் ஆறுது. அதுக்குள்ள கெளம்பறேங்கறே.

— வராம இருந்தேனாடா ஒரு நாளாவது?

— இல்ல.

— காய்ச்சலோட வந்தேன். ஜனங்க ரோட்டை மறிச்சு உக்காந்த அன்னிக்கு டிப்போவுல வண்டியை விட்டுட்டு நடந்தே வந்தேன். அந்த ரவுண்டானாவுல தெனம் எதுக்குத் திருப்பினேன்னு நினைக்கறே? நீ ஜன்னல்ல உக்காந்திருப்பேன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் திருப்பினேன். இப்ப உனக்குக் கழுதை வயசாயிடுச்சு. மீசையில ஒண்ணு ரெண்டு வெளுத்துப்போச்சு. இன்னும் உனக்காக வண்டியைத் திருப்பச் சொன்னா எப்படி?

— திருப்பச் சொல்லலம்மா. ஒரு எடத்துல இருன்னுதான் சொல்றேன். எனக்கு அது வேணும். எத்தனை வாடகை வீடு மாறினோம்? ஒரு வீட்ல டப்பாவுல வெண்டை விதை போட்டு வச்சேன். பூ வந்துடுச்சு. காய் வர்றதுக்குள்ள காலி பண்ணிட்டோம். சாமான் வண்டியில எடமில்லன்னுட்டே நீ.

— எடமில்லதான். உன் பாட்டன் காலத்துக் கட்டிலை அதுல திணிச்சிருந்தோம்.

— அன்னிக்கே நினைச்சேன். நமக்குன்னு ஒரு வீடு வந்தா மண்ணைக் கொட்டி, நான் நட்டதை நானே பறிக்கணும்னு. எந்தச் செடிக்குப் பக்கத்துல எந்தச் செடி வைக்கணும், எது எதைக் கெடுக்கும், எல்லாம் படிச்சு வச்சிருக்கேன். வெள்ளரிக்குப் பந்தல் எந்தப் பக்கம் சாய்ச்சா பின்னால இருக்கற கீரைக்கு நிழல் விழாதுன்னு கேளு, தூக்கத்துல கூடச் சொல்லுவேன்.

— சொல்றீங்க. அதான் எனக்குத் தூக்கமே இல்ல.

— அப்படிச் சொல்லுடா. அப்ப இது உன் தோட்டம். உனக்கு ஆசைன்னா உன் ஆசைன்னு சொல்லி வை. காலையில அரை மணி முன்னாடி எந்திரிச்சுத் தண்ணி ஊத்து. கை நிறையக் காய் பறி. அதை எதுக்கு அம்மாவுக்கு, அம்மா முதுகுக்கு, அம்மா மனசுக்குன்னு என் தலையில கட்டறே? நீ வேர் விடணும்னா விடு, நான் சந்தோஷப்படுவேன். என் கால்ல மண்ணைக் கொட்டாதே.

— சரி. என் ஆசைதான். ஒத்துக்கறேன். ஆனா பயமும் என்னோடதும்மா, அதை என்ன பண்றது?

— இன்னும் என்ன பயம்?

— உன் கண்ணு. சொட்டு மருந்து கடையிலேருந்து நான்தான் எடுத்துட்டு வர்றேன், எனக்கே கதை சொல்லாதே. ராத்திரியில எதிர்ல லைட் அடிச்சா உனக்கு ரோடு தெரியறதில்ல. சர்வீஸ் கடைசில உன்னைப் பகல் ஷிப்டுக்கு எதுக்கு மாத்தினாங்க?

— பகல்லயே ஓட்டறேன். இருட்டறதுக்கு முன்னாடி ஓரங்கட்டிடுவேன்.

— ஓரங்கட்ட எடம் இல்லாத மலை ரோட்ல இருட்டிட்டா? மழை பிடிச்சுக்கிட்டா? உனக்கே உடம்புக்கு ஏதாவது வந்து ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா?

— அதுக்கு வழி இருக்கு.

— என்ன வழி?

— சொல்ல வேண்டியவங்க சொல்லுவாங்க.

— பாத்தியா, மழுப்பறே. பஸ்ஸு ஓட்டினவங்கிற தைரியம் உனக்கு, வேற ஒண்ணுமில்ல. கண்ணு தெரியாத எடத்துல தைரியத்தை வச்சு என்ன பண்ணுவே?

— டேய், குரலை ஏத்தாதே. நான் போறது போறதுதான். நீ பாத்தியைக் கேட்டுக்கு நேரா வச்சாலும், கேட்டையே பேத்து எடுத்துட்டு சுவர் வச்சாலும் போவேன். வசந்தம் வந்துச்சுன்னா உன் விதை ஒரு பக்கம் முளைக்கும், நான் ஒரு பக்கம் கெளம்புவேன்.

— போ. நான் தடுக்கல. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போ. ராத்திரி அந்த வண்டியை யாரு ஓட்டுவா? ஒரு ஆளைக் காட்டு. நம்பற மாதிரி ஒரே ஒரு ஆள். காட்டிட்டா இந்தப் பேப்பரை இங்கயே, உன் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டுடறேன்.

— கிழிக்காதீங்க, நல்லாத்தான் போட்டிருக்கீங்க. நாலாவது பாத்தியை மட்டும் அடிச்சுடுங்க. ராத்திரி நான் ஓட்டறேன். அத்தை சொல்லிக் குடுத்தாங்க, லைசென்ஸ் போன வாரமே வந்துடுச்சு.