காய்ச்சல் டிகிரி

“நூத்தியெம்பது டிகிரி சூடு இருந்தாத்தான் அதுக்கு நல்ல ஒடம்பாம், சிஸ்டர்.”

சூரியநெல்லி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த காக்கிச் சட்டை டிரைவர் இதைச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ், மடியில் மாத்திரைப் பெட்டியோடு.

“எதுக்குண்ணே?”

“பழைய தொரையோட ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு. அந்தக் காலத்துல சீமையில செஞ்சது. முட்டிவலின்னு போன மாசம் என்னைய ஓட்டச் சொன்னாரு. ஏத்தத்துல சூடு காட்டுற முள்ளு நூத்தியெம்பதுல நிக்கி. தண்ணி நூறுலயே கொதிக்குமே, எஞ்சின் எரியப் போகுதுன்னு பதறிட்டேன். அவரு வேண்டாம் வேண்டாம்னு எறங்கி வாரதுக்குள்ள ஓடைத் தண்ணிய மொண்டு எஞ்சின் மேல ஊத்திட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். வெடிப்பு விட்டுருச்சு.”

“அப்ப நூத்தியெம்பது?”

“அது பாரன்ஹீட்டாம். நீங்க காய்ச்சலுக்குப் பாக்குற கணக்கு.”

நர்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒங்க மகளுக்கு நூத்திரெண்டுன்னு நான் சொன்னப்ப, புள்ள கொதிக்குதுன்னா நெனச்சீங்க?”

“அது காய்ச்சல்னு தெரியும், சிஸ்டர். காருக்கும் அதே கணக்குன்னு தெரியலையே.”

பஸ் ஒரு வளைவில் திணறி ஏறியது.

“தொர ஏசினாரா?”

“ஏசியிருந்தாத் தேவலையே. தெனமும் காலையில ஷெட்டுக்கு வந்து, ஓடாத கார்ல ஏறி உக்காந்து, அந்த முள்ளையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ‘அன்னைக்கு இதுக்கு ஒண்ணுமே இல்லப்பா’ம்பாரு. அவ்வளவுதான்.”