பணம் திரும்பி வரும், அக்கா

சோள ரொட்டியைச் சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறிவிட்டால் அதற்கும் அட்டைக்கும் வித்தியாசம் இல்லை. அற்ப விஷயம்தான், இன்ஸ்பெக்டர் சார். ஆனால் எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

என் பெயர் சித்தலிங்கப்பா ஹொசமனி. தார்வாடில் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன். மனு எழுதத் தெரியாத ஜனங்களைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. பெயர் எழுதும் இடத்தில் ஊரை எழுதுவார்கள், ஊர் எழுதும் இடத்தில் அழுவார்கள். அவர்களில் ஒருத்தியையே எனக்குக் கட்டிவைத்தார்கள் என்பது கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.

நீலவ்வா முப்பத்தொரு வருடமாக இரண்டு வேளையும் எனக்கு ரொட்டி தட்டினாள். போன வருடத்திலிருந்து மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். எங்கள் தெருவிலேயே ரொட்டி விற்கும் கடை இரண்டு உண்டு. கடை ரொட்டி எனக்கு ஆகாது. அது அவளுக்கும் தெரியும். அதனால் போனில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி, தானாகவே ரொட்டி தட்டும் இயந்திரத்துக்கு என்னிடம் கேட்காமல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அனுப்பியிருக்கிறாள். பெட்டி வந்தது. உள்ளே ஒரு செருப்பு. ஜோடிகூட இல்லை, இடது கால் மட்டும்.

அதைச் சோள மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். நான் கண்டுபிடித்தேன். கத்தவில்லை. அவளாகவே வந்து சொல்வாள் என்று ஒரு வாரம் பொறுத்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதில் அந்த விளம்பரத்துக்குக் கீழேயே எழுதியிருந்தாள்: "ஐயா, தெரியாம செருப்பு மாறி வந்துடுச்சு. பணத்தத் திருப்பிக் குடுத்தா புண்ணியமா போகும்." கூடவே தன் போன் நம்பர். திருடனுக்கு ஐயா, ஊருக்கெல்லாம் நம்பர். நான் கூப்பிடாவிட்டால் வேறு எவனாவது கூப்பிட்டிருப்பான். அந்த விதத்தில் நான் அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹூப்ளியில் தெருவோரம் ஒருவன் யாரோ ஒருத்தர் பெயரில் சிம் விற்றான். காலை பதினோரு மணிக்கு நூலகம் போகிறேன் என்று கிளம்புவேன். கல்லூரி மைதானத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வாயில் கைக்குட்டை வைத்துப் பேசுவேன். கல்லூரி நாளில் நாடகம் போட்டவன். எங்கள் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டுப் பெங்களூர்க்காரன் மாதிரி மெதுவாகப் பேசினால் போதும், அவளுக்கு அது ராஜாங்கத்துக் குரல்.

"ரீஃபண்ட் ஆபீஸ்ல இருந்து பாட்டீல் பேசறேன் அக்கா. உங்க பணம் திரும்பி வரும். பயப்படாதீங்க."

"நல்லா இருப்பீங்க தம்பி," என்றாள். நான் யார், எந்த அலுவலகம், ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

கையால் மனு எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஏன் வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு, 'கை வலிக்குது' என்று எழுதியிருந்தாள். காரணம் போதாது என்று திருப்பினேன். மறுநாள், 'வயசாயிடுச்சு' என்று எழுதினாள். அதையும் திருப்பினேன். நான்காவது தடவை, 'என் பேராசையாலும் புத்தி இல்லாததாலும் வாங்கினேன்' என்று நான் சொல்லச் சொல்ல எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் பிழையில்லாமல் எழுதியது அது ஒன்றுதான்.

பிறகு பதிவுக் கட்டணம் கேட்டேன். அனுப்பினாள். வரி என்றேன். அதையும் அனுப்பினாள். கையில் வளையல் இல்லாததைப் பார்த்து, சாப்பிடும்போது கேட்டேன்.

"வளையல் எங்கே?"

"மாவு பிசையறப்ப இடிக்குதுங்க. கழட்டி வச்சுட்டேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்ப்புக் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் தொடவில்லை. அப்படியே இருக்கிறது. நான் திருடன் இல்லை.

பன்னிரண்டாம் நாள், "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். சோதிக்கத்தான்.

"அவர் அடிக்க மாட்டார் தம்பி. அடிச்சாக்கூடப் பரவால்ல, அன்னைக்கே தீந்துடும். இவர் சொல்லிக் காட்டுவார். ஒருதடவ பாயசத்துல உப்பப் போட்டுட்டேன், கல்யாணமான புதுசுல. இன்னைக்கும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அதச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார். நானும் சிரிக்கணும். இந்தச் செருப்பு அவருக்குக் கிடைச்சா, நான் சாகறவரைக்கும் சிரிக்கணும் தம்பி."

முன்பின் தெரியாத ஒருவனிடம் கட்டிய புருஷனைப் பற்றி இப்படிப் பேசலாமா? பாயசத்தில் அவள் உப்புப் போட்டது உண்மைதானே? அன்றே நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். இதைக் கேட்ட பிறகு நிறுத்துவது முறையில்லை என்று பட்டது.

பத்தொன்பதாம் நாள், ஃபைலை முடிக்க வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், நாளைக்கு எங்கள் ஆள் காகிதத்தோடு நேரில் வருவார் என்றேன்.

"பணமே வேணாம் தம்பி. எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க. காகிதம் மட்டும் வீட்டுக்கு வர வேணாம்."

"விதி அப்படி அக்கா. நான் என்ன பண்ண?"

"ஆமா, நீங்க என்ன பண்ணுவீங்க. உங்க வேலைய நீங்க செய்றீங்க." பிறகு, "வெயில்ல அலையாதீங்க தம்பி, பின்னால லாரிச் சத்தம் கேக்குது," என்றாள்.

நான் வீடு திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் கெலகேரி ஏரிக்கரையிலிருந்து ஆள் வந்து சொன்னான்.

அவள் போனில் இருந்த எண்ணை வைத்துக்கொண்டு, வடக்கே ஏதோ கும்பல் என்று நீங்கள் மூன்று வாரமாகத் தேடுகிறீர்கள். முதல் தகவல் அறிக்கையில் அவள் வயதே தப்பு. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து அல்ல. இப்படி வேலை பார்த்தால் பாட்டீல் எந்தக் காலத்திலும் அகப்பட மாட்டான் என்பதால்தான் நானே வந்தேன். பாட்டீல் நான்தான். அவளை ஏரிவரைக்கும் நடக்க வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். அவள் தங்கை கஸ்தூரி உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், அக்காவிடம் மாமா ஒருநாள்கூட அன்பாக நாலு வார்த்தை பேசியதில்லை என்று சொல்லியிருக்கிறாள். அது தவறு. பத்தொன்பது நாள் பேசியிருக்கிறேன்.