மணிலாவில் ஓர் இடம்

ஆண்கள் முன்னால் எனக்குக் குரல் வராது. நேற்று நீங்கள் எங்கள் வீட்டு வளவில், உள்முற்றத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரித்தபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தில் என்னால் சொல்ல முடியும். கல்லூரியிலும் அப்படித்தான். வாய்மொழித் தேர்வில் விட்டதை எழுத்துத் தேர்வில் பிடித்துவிடுவேன்.

என் பெயர் உமையாள். மதுரையில் விடுதியில் தங்கி விலங்கியலில் பி.எஸ்ஸி. படித்தேன். முதல் வகுப்பு. தேனப்பன் என் தம்பி. ஒரு வயது இளையவன், ஆனால் பள்ளியில் இருவரையும் ஒரே ஆண்டில் சேர்த்தார்கள். அவனும் காரைக்குடியில் பி.எஸ்ஸி. முடித்தான். எந்த வகுப்பு என்று அவனிடம் கேட்டால், "கடைசி பெஞ்சு" என்பான்.

நான் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டேன். பி.யு.சி. முடித்ததும் விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருதயத்துக்குள் இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியும். படம் வரைந்து காட்டலாமா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்பதற்கும் குரல் வரவில்லை. "பாப்பாவுக்குத் தண்ணி குடுங்க" என்று ஒருவர் சொன்னார். அதோடு முடிந்தது.

பட்டம் வாங்கும் ஆண்டில் விடுதித் தோழி ஒருத்தி மணிலாவைப் பற்றிச் சொன்னாள். அவள் அண்ணன் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அங்கே பள்ளி முடித்தவர்களை நேராக மருத்துவத்தில் சேர்ப்பதில்லை. முதலில் ஒரு பட்டம் வேண்டும். நம் ஊரில் எனக்கு மூடிவிட்ட கதவு அங்கே பட்டத்துக்குப் பிறகுதான் திறக்கிறது. அவர் சேர்ந்த கல்லூரியில் நேர்முகமும் கிடையாது. சான்றிதழ்களைத் தபாலில் அனுப்பினால் போதும். இதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. மகிழ்ச்சியில் எனக்குப் பசிக்காது.

அப்பச்சியிடம் ஆத்தா மூலமாகச் சொன்னேன். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா, அக்காவை ஆச்சி.

"மணிலாவா? கடலக்கொட்டைக்குல்ல அந்தப் பேரு?" என்று சிரித்தார். பிறகு யோசித்தார். "பட்டம் வாங்குனவுகள எடுக்குறாகளா? அப்பத் தேனப்பனுக்கும் ஒண்ணு எழுதிப் போடு. ஒனக்குத்தான் இங்கிலீசு நல்லா வருமே."

இருவருக்கும் நானே எழுதினேன். அவனுடையதைக் கொஞ்சம் அக்கறையாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். இருவருக்கும் இடம் கிடைத்தது.

அப்பச்சி அவனை அனுப்ப முடிவு செய்தார். கோபப்பட்டோ கண்டித்தோ சொல்லவில்லை. நல்ல மனிதர். "இந்த வீட்டுல பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனதெல்லாம் ஆம்பளைகதான். பொம்பளைக இங்ஙன இருந்து வீட்டப் பாத்தாக. நீ போனா யாரு ஒன்னயக் கட்டுவா? தம்பிக்குப் பாடத்தச் சொல்லிக்குடு, அதுவும் நீ படிச்ச மாதிரிதான்" என்றார். நான் தலையசைத்தேன்.

பாடம் சொல்லிக்கொடுத்தேன். தேனப்பனுக்கு இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும்.

"ஆச்சி, தவளைக்கு இருதயத்துல எத்தன ரூமு?"

"மூணு."

"மனுசனுக்கு?"

"நாலு."

"ஒரு ரூமு கூட வச்சுக்கிட்டு என்ன கிழிச்சான் மனுசன்? நம்ம வீட்டுலயுந்தான் இம்புட்டு ரூமு பூட்டிக் கெடக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவன் என்னைச் சிரிக்க வைப்பான். ஒருமுறை அவனே சொன்னான்: "எனக்கு எதுக்கு ஆச்சி இந்தக் கண்றாவி? நீ போ. நான் அப்பச்சிகிட்ட சொல்லவா?" சொல் என்றேன். சொன்னான். அப்பச்சி அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்.

நீங்கள் செங்கல்பட்டுப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். அதனால் எங்கள் வழக்கம் ஒன்றை விளக்க வேண்டும். கடல் தாண்டுகிற பையனுக்குக் கல்யாணத்தை முடித்துத்தான் அனுப்புவோம். கல்யாணம் ஆனதும் அவனையும் மருமகளையும் வேறு வைப்போம். வேறு என்றால் வேறு வீடு அல்ல. அதே வீட்டுக்குள் அவர்களுக்கு ஒரு அறை, ஒரு அடுப்பு, தனி அரிசி, தனிப் புளி. அன்றிலிருந்து மகனுக்குச் சோறு அவன் பெண்டாட்டியின் அடுப்பில்தான். விருந்து என்று அழைத்தாலன்றி, பெற்ற தாய் பக்கத்து அடுப்பில் குழம்பு கொதிக்க வைத்தாலும் ஒரு கரண்டி கொடுக்கமாட்டாள், அவனும் கேட்கமாட்டான். இதில் மனஸ்தாபம் எதுவும் கிடையாது. சண்டை வராமல் இருக்கப் பெரியவர்கள் கண்ட ஏற்பாடு. அதனால் எங்கள் வீட்டில் ஒருவனுக்கு வயிறு வலித்தால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்கமாட்டார்கள். எந்த அடுப்பு என்றுதான் கேட்பார்கள்.

மாசியில் நெற்குப்பை ஊர்ப் பெண் சிகப்பியைக் கட்டிவைத்தார்கள். பங்குனியில் வேறு வைத்தார்கள். ஜூன் மாதம் மணிலாவில் வகுப்பு தொடங்குவதாக இருந்தது.

சிகப்பி கெட்டிக்காரப் பெண். மிளகாயை மட்டும் தாராளமாகப் போடுவாள். தேனப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்செரிச்சல் உண்டு. அதற்கு ஒரு அரிஷ்டம் கொடுப்போம். பள்ளிக்கூட நாளிலிருந்தே வீட்டில் யாருக்கு மருந்து என்றாலும் நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். டாக்டர் ஆச்சி என்று கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகப் படாது. சாப்பாடு முடிந்து அவன் வளவைக் கடந்து எங்கள் பக்கம் வருவான்.

"ஒன் தம்பி பொண்டாட்டி கை வச்சா பச்சத்தண்ணியும் காருது ஆச்சி. ஊத்து."

"மெதுவாப் பேசு, கேக்கப் போகுது."

"கேக்கட்டும். கேட்டுட்டு இன்னும் ரெண்டு மொளகா போடுவா."

விசாவுக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை உண்டு. மார்பு, இரத்தம், கண் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எதிலாவது தேறாவிட்டால் அந்த ஆண்டு போகமுடியாது. போகாவிட்டால் வீட்டில் ஒரு இடம் வீணாகும். வீணாவது அப்பச்சிக்குப் பிடிக்காது. கிடைத்த இடத்தை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பார் என்று கணக்கிட்டேன். நியாயமான கணக்கு. தேனப்பனுக்கு மார்பும் இரத்தமும் நன்றாக இருந்தன. கண் மீதி இருந்தது.

அரிஷ்டத்தில் நான் எதைச் சேர்த்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. புட்டி என் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினால் யாராவது படித்துக் கற்றுக்கொள்வார்கள். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

சித்திரையில் அவனுக்கு வாந்தியும் தலைவலியும் வந்தன. வெயில் என்றார்கள். பிறகு ஒரு காலையில் ஆத்தாவைப் பார்த்து, "ஏன் ஆத்தா கதவெல்லாம் சாத்தி வச்சிருக்கீக?" என்று கேட்டான். வளவு முழுதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மதுரைக்குக் கொண்டுபோனோம். உள்ளே போன ஏதோ ஒன்று கண் நரம்பைக் கெடுத்திருக்கிறது என்று கண் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பங்காளிகள் கூடினார்கள். முதல் கேள்வி, எந்த அடுப்பு. ஆத்தா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "வேற வச்ச நாள்ல இருந்து எங்க அடுப்புல அவன் ஒரு பருக்கை தொடலையே. எல்லாம் அவ கையிலதான திண்டான்." யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. மருந்து சமையல் ஆகாது. அதற்கு அடுப்பு கிடையாது. அதனால் அது யார் கணக்கிலும் வராது. பங்குனிவரை நான் காத்திருந்தது இதற்காகத்தான். சிகப்பிமேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அவள் இடத்தில் யார் வந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

அவள் அப்பச்சி மெய்யநாதன் வண்டி கொண்டுவந்தார். சீர் சாமான்களை ஏற்றினார்கள். ஏறும்போது சிகப்பி என் கையைப் பிடித்தாள். "ஆச்சி, நீங்களாச்சும் சொல்லுங்க. பொம்பளைப் பாவம் பொல்லாது. நான் என்ன செஞ்சேன்? அவுகளுக்கு நானா எதையும் போட்டிருப்பேன்?"

எனக்குக் குரல் வரவில்லை. மெய்யநாதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மணிலாவுக்கு நேரம் நெருங்கியது. நான் எதுவும் கேட்கவில்லை. தேனப்பன்தான் கேட்டான். கட்டிலில் உட்கார்ந்தபடி, சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அப்பச்சி அங்கே இருப்பதாக நினைத்துப் பேசினான். "அப்பச்சி, ஆச்சிக்கும் எடம் இருக்குல்ல. அத அனுப்புங்க. நம்ம வீட்டுக்கு ஒரு டாக்டரு வேணுமில்ல இப்ப?"

அப்பச்சி கதவருகே நின்று அழுதார். "அவ போயிட்டா ஒன்னய யாருடா பாப்பா? பெத்தவுக நாங்க எத்தன நாளைக்கி?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனி நீதாந்தா இவனுக்குக் கண்ணு" என்றார். எனக்கு வந்த வரன்களுக்கும் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார். மணிலாவில் என் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கணக்கில் நான் விட்டது இந்த ஒன்றைத்தான். தம்பிக்குக் கண் போனால் அக்கா வீட்டுக்குள்ளேதான் இருக்கவேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லியிருக்கவில்லை.

அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். குளிக்க வைத்தேன், முகம் மழிக்க ஆள் வரவழைத்தேன், செய்தித்தாள் படித்துக் காட்டினேன். ஆனியில் ஒருநாள் அவன் என் புடவை வெள்ளையா என்று கேட்டான். வெளிர் மஞ்சள். முற்றத்து வெளிச்சம் ஒரு கட்டமாகத் தெரிகிறது என்றான். மதுரை டாக்டரும் கொஞ்சம் திரும்பலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆத்தா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அப்பச்சி, "அடுத்த வருசம் அனுப்பிப்புடலாமாடா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டார்.

அன்று அவன் நெஞ்செரிகிறது என்று சொல்லவில்லை. நான்தான், ஒரு வாய் குடி, நல்லது என்றேன். குடித்தான். பிறகு கட்டம் தெரியவில்லை. பழைய கெடுதலின் மிச்சம் என்று வீட்டில் சொன்னார்கள்.

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. உங்களிடம் மெய்யநாதன் கொடுத்த புகாரில் தன் மகள் நிரபராதி என்பது மட்டுந்தான் இருக்கிறது. மற்ற எல்லோரும் கேட்டதையே நீங்களும் கேட்டிருந்தால் வழக்கு சிகப்பியின் அடுப்போடு நின்றிருக்கும். ஆனால் நீங்கள் வெளியூர்க்காரர். உங்களுக்கு அடுப்புக் கணக்கு தெரியாது. நேற்று என்னைப் பார்த்து, "ஒங்க தம்பிக்கு மருந்து யாரும்மா குடுக்குறது?" என்று கேட்டீர்கள். ஆத்தா பெருமையாக, "எங்க உமையாதான், சின்னதுல இருந்தே" என்றாள். இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்.

இரவு யோசித்தேன். நான் வாய் திறக்காவிட்டால் நீங்கள் நிரூபிப்பது கடினம். பிறகு இந்த வளவு, இந்த அறைகள், தேனப்பனின் செய்தித்தாள், ஆத்தாவின் காலம், அப்பச்சியின் காலம், அதற்குப் பின் நாங்கள் இருவரும். புகாரைச் சமாதானமாக முடித்துச் சிகப்பியைத் திரும்ப அழைக்கப் பெரியவர்கள் இளையாத்தங்குடிக் கோயிலில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் வந்தாலும் அடுப்புதான் அவளுடையது, மருந்து என்னுடையது என்று அப்பச்சி இப்போதே சொல்லிவிட்டார். இங்கிருந்து வெளியே போக எனக்குக் கடவுச்சீட்டு கொடுக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்று தோன்றியது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். என் தம்பி தேனப்பனின் பார்வையைச் சித்திரையிலும் ஆனியிலுமாக இருமுறை நான்தான் எடுத்தேன். இருமுறையும் அவன் உயிருக்கு ஆபத்து இல்லாதபடி பார்த்துக்கொண்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளவும். கவனக்குறைவானவளாக இருந்தால் அவன் இறந்திருப்பான். சிகப்பிக்கு இதில் சம்பந்தமில்லை. கையெழுத்து என்னுடையது.

ஒரே ஒரு வேண்டுகோள். பெண்கள் சிறையில் ஒரு சிறு மருத்துவமனை உண்டு என்று கேள்விப்பட்டேன். அங்கே படித்த கைகள் குறைவாகத்தான் இருக்கும். நான் முதல் வகுப்பில் தேறியவள் என்பதை உங்கள் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். அங்கே நேர்முகம் எதுவும் வைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.